அப்பா பூ இருக்கும் மலை

'என்னங்க' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமலே 'உம்' கொட்டுகிற என் வீட்டுக்காரருக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. சௌக்கியம் விசாரிப்பதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

காலையில் சந்தியா போன் பண்ணினாள். நம் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. நீங்கள் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பாத அதே லடாக்கில்தான் இருக்கிறாள். மலைச் செடிகளை வளர்த்து ஆராய்ச்சி செய்கிற ஒரு தோட்டத்தில் வேலை. அங்கே இந்த வருஷத்து முதல் பனி விழுந்துவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாளில் அவள் இருக்கும் ஊருக்குப் பாதை அடைத்துக்கொள்ளும். அதற்குள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் கீழே இறங்கிவிடுவார்களாம்.

"குளிர்காலம் முழுக்க நான் இங்கயே இருக்கட்டுமாம்மா? நீ வேணாம்னு சொன்னா வந்துடறேன். கோவமெல்லாம் பட மாட்டேன், நெஜமா" என்றாள். சாயங்காலம் மறுபடி கூப்பிடுகிறேன், அதற்குள் யோசித்து வை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாரம் திரும்புவதற்குள், கிரிவலப் பாதையில் மோரும் டீயும் விற்கிற இந்தக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருப்பாள். சொல்லத்தான் வாய் துடிக்கிறது. சொல்லலாமா, கூடாதா? யாரைக் கேட்பது? கூட இருந்து பதில் சொல்ல வேண்டிய மனிதர் நீங்கள். நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. உங்கள் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் போஸ்டர் அடித்து ஒட்டுவோம். உடுப்போடு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் போட்டோ, கீழே 'உங்கள் பிரிவால் வாடும்' என்று எங்கள் பெயர். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாடுவதெல்லாம் எப்போதோ வாடி முடிந்தாயிற்று. இப்போது நடுங்குகிறேன். 'நடுங்கும் மனைவி' என்று போடச் சொன்னால் அச்சகத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால்தான் போஸ்டருக்குப் பதிலாக இப்படிக் கடிதம் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். சந்தியாவும் படிக்கட்டும்.

எல்லாம் அந்தச் செடியால் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைசி லீவில் புரட்டாசியில் வந்தீர்களே, அப்போது கொண்டு வந்தது. பட்டாளத்துக்குப் போன மற்ற வீட்டு ஆம்பிளைகள் கம்பளி கொண்டு வந்தார்கள், பாதாம் கொண்டு வந்தார்கள். நீங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கல்லும் செடியுமாகக் கொண்டு வந்தீர்கள். சாம்பல் பூசிய மாதிரி நீலம் கலந்த பச்சையில் குண்டு குண்டாக இலை. நுனியில் கொத்தாக, ரோஸ் நிறத்தில், நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொடிப் பூ. ரயிலில் வந்ததில் பாதி கசங்கிக் கிடந்தது. நீங்கள் டப்பாவைத் திறந்து காட்டிய விதத்தைப் பார்த்து, நகைதான் ஏதோ வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன்.

"மண்ணே கெடையாது வசந்தா அங்க. மொட்டைப் பாறை. அந்தப் பாறை வெடிப்புல வேரை உட்டுக்கினு உக்காந்துனு இருக்கும். மாசக்கணக்கா பனி மூடிக்கும். செத்துப்போச்சுன்னு நெனைச்சினு இருப்போம். பனி கரைஞ்சுதுன்னா பாரு, பூத்துனு நிக்கும்" என்றீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் கற்களைச் சாய்த்து அடுக்கி அதற்கு ஒரு இடம் செய்தீர்கள். அடுத்த கடைப் பூக்காரி கஸ்தூரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாண்ணா, நம்ம மலையில இல்லாத கல்லா? அங்கருந்து தூக்கினு வந்துகிறீங்க?" என்று கேட்டாள். சந்தியா அப்போது ஒண்ணாங்கிளாஸ். அந்தச் செடிக்கு 'அப்பா பூ' என்று பெயர் வைத்தாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் அதன் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகும் வெயில் குறையவில்லை. பனியில் இருந்த செடியாயிற்றே, தவிக்குமே என்று சோடாக் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து வேரைச் சுற்றி வைத்தேன். காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி தண்ணீர். பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. தண்டு கறுத்து, கொழகொழவென்று ஆகி, தொட்டால் கையோடு வந்தது. அதே வாரம்தான் உங்கள் சேதி வந்தது.

இரண்டும் சேர்ந்து வந்ததால் என் மனசில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இது படித்தவர்கள் ஒத்துக்கொள்கிற விஷயம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் அன்றையிலிருந்து ரோஸ் நிறத்தில் பொடிப் பூ எதைப் பார்த்தாலும் எனக்கு ஆகாது. கஸ்தூரி கூடையில் அந்த நிறத்தில் பட்டுரோசு இருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

உங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. உங்களோடு இருந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் பிறகு லீவில் வந்தபோது உட்கார்ந்து சொன்னார். லீவு முடிந்து போன நீங்கள், உடம்பு அந்த உயரத்துக்குப் பழகுவதற்குள் மேலே ஏறியிருக்கிறீர்கள். இருமல் வந்திருக்கிறது. மூச்சு வாங்கியிருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்று அவர் கூப்பிட்டதற்கு, "அட, சளிப்பா. வர்ற வழியில மழையில நனைஞ்சேன் இல்ல, அதான்" என்றீர்களாம். நான் கட்டிக் கொடுத்த சுக்குப் பொடியில் கஷாயம் வைத்துக் குடித்து, நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தீர்களாம். அது சளியே இல்லையாம். நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொண்டதாம். உடனே கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பீர்களாம்.

நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இருமினால் சளி, சளி என்றால் சுக்கு. மலை மேலே இருமலுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அடி அண்ணாமலையில் பிறந்தவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீங்கள் பயந்து சாகவில்லை. ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்துப் போய்விட்டீர்கள்.

சந்தியாவைக் கம்ப்யூட்டர் படி, பேங்க் பரீட்சை எழுது என்று எத்தனையோ சொன்னேன். செடி கொடிதான் படிப்பேன் என்று பிடிவாதமாகத் தாவரவியல் எடுத்தாள். பெரிய படிப்பும் முடித்தாள். அதுவரை சரி, ஏதாவது காலேஜில் பாடம் சொல்லிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். போன பங்குனியில் ஒரு நாள் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டே சொல்கிறாள், லடாக்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று.

"அங்க இன்னா வேலை?"

"கல் தோட்டம் போடறாங்கம்மா. மலையில கல்லு இடுக்குல வளர்ற செடியெல்லாம் கொண்டாந்து, அதே மாதிரி கல்லை அடுக்கி வளர்க்கிறாங்க. அப்பா பூவும் இருக்குது. சீடம்னு அதுக்குப் பேரு."

"கல்லு வேணும்னா எதுக்கு அவ்ளோ தூரம்? தலையைத் தூக்கிப் பாரு. நம்ம வாசல்ல எவ்ளோ பெரிய கல்லு நிக்குது" என்று மலையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. கையிலிருந்த மோர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஊரெல்லாம் இந்த மலையைத் தேடி வருகிறது. செருப்பில்லாமல் சுற்றுகிறது. அந்த ஜனங்களுக்கு மோர் ஊற்றிப் பிழைக்கிற எனக்கு, இன்னொரு மலையின் பெயரைக் கேட்டால் கை கால் ஓடவில்லை.

போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். தைரியம் இல்லை. நான் வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் அப்பா என்று சொல்ல வேண்டி வரும். அதனால் கஸ்தூரி சொன்ன வழியைப் பிடித்தேன். "அம்மன்கிட்ட பூ கட்டிப் பாத்துடு அண்ணி. அவ இன்னா சொல்றாளோ அதுன்னு உட்டுடு" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். நமக்குக் கல்யாணம் பேசும்போதும் பார்த்தார்களே. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து மாரியம்மன் காலடியில் வைப்பது. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவர் மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தால் அம்மன் உத்தரவு தெரிந்துவிடும். வெள்ளை வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்து மடித்தேன்.

அவ்வளவு பயம் எனக்கு. அம்மனையும் நம்பவில்லை. எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வேண்டாம் என்றே வரட்டும் என்று பண்ணினேன். கஸ்தூரிக்குக்கூடத் தெரியாது. பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "பாப்பா, நீயே எடும்மா" என்று சந்தியாவிடம் சொன்னார். அவள் முந்தானையைச் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது, எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நிஜமாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எடுத்தாள். பிரித்தாள். உள்ளங்கையில் சிவப்பு அரளி. என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்டாள். இந்தப் பெண் பாம்பைப் பார்த்துப் பயந்ததில்லை, பரீட்சைக்குப் பயந்ததில்லை, தகப்பனைப் பெட்டியில் கொண்டு வந்தபோதுகூட என் சேலையைப் பிடித்துக்கொண்டு பேசாமல்தான் நின்றாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். அது மலையைப் பார்த்து வந்த பயம் இல்லை. நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று வந்த பயம்.

"போகச் சொல்லுது" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவள் அங்கேயே, கோயில் என்றும் பார்க்காமல், என்னைக் கட்டிக்கொண்டாள். பிரிக்காத இன்னொரு பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். நான் கை நீட்டுவதற்குள் அவள், "இது பிரசாதம், நான் எடுத்துனு போறேன்" என்று பையில் போட்டுக்கொண்டாள். பிடுங்கவா முடியும்?

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அம்மனை நான் பேசவே விடவில்லை. நிஜமாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? வேண்டாம் என்றிருந்தால்? ஒரு தெய்வத்தின் வாயை மூடிவிட்டுப் பெண்ணை அனுப்பி வைத்த தாய் என்று யாராவது உண்டா? ஊர் எல்லையில் பஸ் திரும்புகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டு நின்றேன். மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்டனை என்றால் எனக்குக் கொடு, அங்கே கொடுக்காதே என்று கெஞ்சினேன்.

மூட்டை கட்டும்போது அவள் தேடினாள். "சுக்குப் பொடி வைக்கலையாம்மா?" என்றாள். தீர்ந்துபோச்சு என்றேன். டப்பா நிறைய இருந்தது.

போய்ச் சேர்ந்ததும் நன்றாகத்தான் இருந்தாள். அவர்கள் ஆபீஸில் முதலில் லே ஊரிலேயே வைத்து, உடம்பு பழகின பிறகுதான் மேலே விட்டார்கள். விரலில் மாட்டுகிற சின்னக் கிளிப் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு உலகத்துக்கே ஒரு நோய் வந்தது, அப்போது வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தார்கள். மூச்சு சரியாக இருக்கிறதா என்று காட்டும். தினமும் அதை மாட்டி போனில் எனக்குக் காட்டினால்தான் சோறு இறங்கும் என்று சொல்லிவிட்டேன். காட்டுகிறாள். சில நாள் மறந்துவிடுவாள். அன்றைக்கு நான் மோரில் உப்பு இரண்டு தடவை போடுவேன். தெலுங்குக்காரர்கள் இப்போது ஜாஸ்தி வருகிறார்கள், நானும் தெலுங்கில் மோர் விற்கக் கற்றுக்கொண்டேன். அவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். கஸ்தூரி அவர்களிடம், "பொண்ணு போன் வரல, அதான்" என்று தமிழிலேயே விளக்கம் சொல்வாள்.

ஒரு நாள் செடியைப் பற்றிக் கேட்டேன். எனக்கே ஆச்சரியம், நான் கேட்டேன்.

"பனிக்குள்ள அது எப்படிம்மா மூச்சு உடும்?"

"பனி அதுக்குப் போர்வை மாதிரிம்மா. பனி கம்மியா விழுந்த வருஷந்தான் ஆபத்து, காத்து அடிச்சு உறைஞ்சுடும். மேல இருக்கிறது எல்லாம் காய்ஞ்சுடும். அடியில, கல்லோட ஒட்டினாப்புல, சின்னச் சின்ன மொட்டு உயிரோட இருக்கும். பனி மூடியிருந்தா அதைக் குளிர் ஒண்ணும் பண்ணாது. வேர்ல தண்ணி தேங்கினாத்தான் செத்துப்போகும். அதுக்குத்தான் கல்லைச் சாய்ச்சு வெச்சு, அடியில பொடிக்கல்லு கொட்டி, தண்ணி நிக்காம ஓடற மாதிரி செய்யறோம்."

அவள் பேசிக்கொண்டே போனாள். என் காதில் தண்ணி என்பதோடு நின்றுவிட்டது. குளிர் கொல்லாது, தண்ணீர் தேங்கினால்தான் கொல்லும். உங்கள் நெஞ்சிலும் அதுதானே? அடுப்பில் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

ஆடி முடிகிற சமயம், அங்கே பூக்கிற காலம். வீடியோவில் கூப்பிட்டாள். "பாரும்மா, அப்பா பூ" என்று போனைத் திருப்பினாள். பாறை பாறையாக அடுக்கிய சரிவு. இடுக்கெல்லாம் ரோஸ் நிறம். தேனீ சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்க்காமல் கீழே குனிந்துகொண்டேன். அவள் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"அம்மா, அந்த இன்னொரு பொட்டலம் எடுத்துனு வந்தேன் இல்ல, அதைப் பிரிச்சேன்."

நான் குனிந்தபடியே டம்ளர் கழுவ ஆரம்பித்தேன்.

"அதுலயும் செகப்புதான் காய்ஞ்சு கெடந்துது" என்றாள். பிறகு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அம்மனுக்கு வேற யோசனையே இல்ல போலருக்குது. எதை எடுத்தாலும் போன்னே சொல்லிகிறா."

எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. அவளை அனுப்ப மனசில்லாதவள் இரண்டிலும் ஒரே பூவை வைத்தால் அது தடுக்கத்தானே? நான் எதற்காக இரண்டிலும் சிவப்பு வைத்தேன் என்பதும் தெரிந்துவிட்டது, கடைசியில் ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதும் தெரிந்துவிட்டது. நான் கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவள் திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. "அழாதம்மா. இனிமே பூவை எல்லாம் கேக்காத. எதுவா இருந்தாலும் நான் உன்னையே கேக்கறேன், நீயே சொல்லு" என்றாள்.

அதைத்தான் இன்றைக்குக் காலையில் செய்திருக்கிறாள். பாருங்கள், எவ்வளவு பெரிய சுமையை நைசாக என் தலையில் வைத்துவிட்டாள். அம்மன் சொன்னாள் என்று நான் ஒளிந்துகொள்ள முடியாது. இரு என்றாலும் நான்தான், வா என்றாலும் நான்தான்.

பனிக்கு அடியில் அந்த மொட்டு எப்படி உயிரோடு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டுமாம். இது வரைக்கும் எல்லாரும் குளிர் வந்ததும் கீழே இறங்கிவிட்டு, வெயில் வந்ததும் போய்ப் பூவைத்தான் பார்த்திருக்கிறார்களாம். நடுவில் என்ன நடக்கிறது என்று கூட இருந்து பார்த்தவர்கள் கம்மியாம். அதற்குத்தான் இருக்க வேண்டும் என்கிறாள். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்தோடு தங்குவாளாம். அந்த அம்மா இவளை மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்களாம். எனக்கு அதிலும் ஒரு எரிச்சல்.

பாதை அடைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ராணுவ ஹெலிகாப்டர் இருக்கிறது என்றாள். மேகம் கவிந்தால் அது பறக்குமா என்று கேட்டேன். பேசாமல் இருந்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உங்கள் மாதிரி.

மத்தியானம் கஸ்தூரி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?" என்றாள். சொன்னேன். "மறுபடி பூ கட்டிப் பாத்துடலாமா? இந்தத் தபா நானே மடிச்சுத் தரேன்" என்றாள். அவளுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது பாருங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அவளை வரச் சொன்னால் என் பயம் தீருமா? இங்கே வந்து பஸ்ஸில் ஏறினால் பயப்படுவேன். கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஓட்டினால் பயப்படுவேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்க்காத நேரத்தில் போனில் அந்தக் கற்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அதற்கும் நான்தானே பயப்பட வேண்டும்? பயம் எனக்கு நீங்கள் போன அன்றே வந்துவிட்டது. அது அவள் எங்கே இருக்கிறாள் என்பதைப் பொறுத்து இல்லையோ என்னவோ. ஆனால் ஒருவேளை... வேண்டாம், அந்த வார்த்தையை எழுத மாட்டேன்.

போன் அடிக்கிறது. இருங்கள், பேசிவிட்டு வருகிறேன்.

பேசிவிட்டேன். சொல்லிவிட்டேன்.

"இரு" என்றேன்.

அவள் நம்பவில்லை. "நெஜமாத்தான் சொல்றியா? ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்குது. செத்துடுவேன் போல இருக்குது. இருந்தாலும் நீ இரு" என்றேன். "ஆனா ஒண்ணு. இருமல் வந்தா சளின்னு நெனைச்சினு படுக்கக் கூடாது. தலை வலிச்சா, மூச்சு வாங்கினா, யாருக்கும் தொந்தரவு வேணாம்னு பல்லைக் கடிச்சினு இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே சொல்லணும். அந்த நிமிஷமே எறங்கணும். ஒங்கப்பா மாதிரி நல்லவளா இருக்காத."

"சரிம்மா" என்றாள். "அப்பாவுக்கு இதை யாராவது சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

இப்போது எழுத்து கோணுகிறது. கடைக்கு வந்தவர்களுக்குக் கஸ்தூரிதான் டீ ஆற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சரியாகத்தான் சொன்னேனா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'உம்' கொட்டியிருப்பீர்கள். வேறென்ன.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பயந்தாலும் அவளை நானாக வா என்று கூப்பிட மாட்டேன். ஆனால் என்றைக்காவது அவள் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, பாதை அடைத்துக் கிடந்தால், நான் கிளம்புவேன். வேலூரைத் தாண்டிப் போகாதவள்தான். இந்தி பேச வராது. விமானத்தைக் கண்ணால் பார்த்தது வானத்தில்தான். இருக்கட்டும். யார் காலில் விழ வேண்டுமோ விழுந்து, எந்த வண்டியில் ஏற வேண்டுமோ ஏறி, அந்த மலைக்கு வந்து என் பெண்ணை என் கையால் கீழே இறக்குவேன். உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்கும் வந்திருப்பேன்.

இப்படிக்கு,
மலை என்றாலே நடுங்குகிற உங்கள் பெண்டாட்டி,
சந்தியாவின் அம்மா,
வசந்தா